செட்டு சேர்ந்து போவது குற்றமா?

ஐரோப்பாவுக்குக் குரூப் டூர் போய்வந்தவர்களைப் பற்றி நம் படித்த வட்டாரத்தில் பேசுகிற விதமே தனி. "பத்து நாளில் ஏழு நாடாம். கொடி பிடித்த கைடு முன்னால், நாற்பது பேர் பின்னால். ஈபிள் கோபுரத்தடியில் ஒரு படம், பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு படம், ராத்திரியானால் பருப்பும் சோறும். இவர்கள் எதைப் பார்த்தார்கள்?" கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. இதற்கு எதிரே ஓர் இலட்சிய மனிதரையும் நிறுத்துவார்கள். அவர் தோளில் ஒரு பையோடு தனியாகப் போவார், திட்டம் போடமாட்டார், சந்துகளில் வழி தவறுவார், உள்ளூர்க்காரரோடு உட்கார்ந்து காபி குடிப்பார். வரலாறும் கலையும் அவருக்கு மட்டும் கதவைத் திறக்கும். மற்றவர்கள் மந்தை.

பயணக் கட்டுரைகளில், இலக்கியக் கூட்டங்களில், முகநூலில், கல்யாணப் பந்தியில்கூட இந்தக் கருத்து தட்டிக் கேட்க ஆளில்லாமல் உலவுகிறது. நான் தட்டிக் கேட்கிறேன். பழைய நகரங்களையும் கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் பார்க்கச் செட்டு சேர்ந்து போவதில் ஒரு குறைவும் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கிற ஒரே வழி அது. பல நேரம் அதுவே நல்ல வழியும்கூட. நம் டூர்கள் சில சமயம் சப்பென்று முடிவது உண்மை. அந்தக் குற்றம் கூட்டத்தின் மேல் இல்லை. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கூட்டம் கைகழுவி விட்டதில் இருக்கிறது.

இதைச் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. எங்கள் ஊர் செட்டு சேர்ந்து வருகிறவர்களால் வாழ்கிற ஊர். ஆடி மாதம் பன்னிரண்டு நாள் நடக்கும் தபசுத் திருவிழாவுக்கு வேனிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவர்களில் தனியாக வந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பத்மனும் வழக்காட, இருவரும் ஒருவரே என்று காட்டும்படி கோமதியம்மன் தவமிருந்த கதையை வேனில் வந்த பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொண்டே ஒன்பது நிலை கோபுரத்துக்குள் நுழைகிறாள். சங்கரலிங்கத்துக்கும் கோமதிக்கும் நடுவே, வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக நிற்கிற சங்கரநாராயணரைக் காட்டுகிறாள். நாகசுனையைப் பார்த்துவிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அவளோடு வந்தவர்கள் ஆடிச்சுற்று சுற்றி முடிக்கிறவரை காத்திருந்து அதே வேனில் திரும்புகிறாள். கூட்டமாக வந்ததால் இவள் கோமதியைப் பார்க்கவில்லை என்று எந்த அறிவாளியும் இதுவரை எழுதியதில்லை. அதே பாட்டி ரோமுக்குப் போனால் மட்டும் கண் தெரியாமல் போய்விடுமா?

இந்த இளக்காரம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்கிற மரவேலைக்காரர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ வரை சுமார் ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் கூட்டிப்போனார். அவர் மதுவிலக்குப் பிரசாரகர். அது மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம். இருபது சொச்சம் வருஷத்தில் அவர் ஆட்கள் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் போய்விட்டார்கள். கடைக்காரர்கள், எழுத்தர்கள், பள்ளி ஆசிரியைகள், கல்யாணமாகாத பெண்கள் என்று அதுவரை வீட்டு வாசலைத் தாண்டாதவர்கள் ஆல்ப்ஸ் மலையில் ஏறினார்கள். மேல்தட்டுக்குப் பொறுக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியர் 1865 இல் ஒரு பத்திரிகையில் புனைபெயரில் எழுதினார். குக் கூட்டி வருகிறவர்கள் நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளாம்; காலனிகள் ஏற்க மறுத்ததால் அரசாங்கம் அவர்களைக் கொண்டுவந்து இத்தாலியில் இறக்கிவிடுகிறதாம். கலையை ரசிக்கத் தெரியாத கூட்டம் என்ற இன்றைய பேச்சுக்கு மூத்த தமக்கை அந்தக் கட்டுரை. தன் இடத்துக்குக் கண்டவனும் வந்துவிட்டானே என்ற எரிச்சல் அது. அந்த மேல்தட்டின் எரிச்சலை நாம் ஏன் கடன் வாங்கிக்கொண்டு அலைகிறோம்?

சரி, அந்த மேல்தட்டுப் பிரபுக்களாவது தனியாகப் போனார்களா? பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸும் இத்தாலியும் சுற்றிவந்தால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. கூடவே ஓர் ஆசிரியர் போவார், வேலைக்காரர்கள் போவார்கள், ரோமில் இடிபாடுகளைக் காட்ட உள்ளூர் வழிகாட்டி காத்திருப்பார். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, 1764 முதல் 1766 வரை பக்ளூ என்கிற இளம் பிரபுவுக்கு இப்படித்தான் பிரான்ஸில் துணைபோனார். கைடும் பரிவாரமும் வைத்துக்கொண்டு போனால் பண்பாட்டுப் பயணம். அந்தக் கைடின் செலவை நாற்பது பேர் பங்கு போட்டுக்கொண்டால் மந்தை. வேறுபாடு பார்வையில் இல்லை, பணப்பையில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதையும் இதையே சொல்கிறது. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய 'காசி யாத்ரா சரித்திர'த்தைத் தென்னாட்டுப் பயண எழுத்தின் முன்னோடி என்று சொல்கிறோம். வழியில் இருந்த ஊர்கள், விலைவாசி, நாணயம், சாதி, ஆறு, அதிகாரி என்று அவர் கண் தொடாதது இல்லை. அவர் தன்னந்தனியாகப் போகவில்லை. குடும்பமும் உறவும் பணியாட்களுமாகச் சுமார் நூறு பேர் உடன் போனார்கள். நகரத்தார் காசியில் சத்திரம் கட்டியதும், ராணி மங்கம்மாள் சாலையோரமெல்லாம் சத்திரம் வைத்ததும் தனிவழிப் போக்கர் ஒருவருக்காகவா? கூட்டமாக வருவார்கள் என்று தெரிந்துதான் கட்டினார்கள். தமிழன் ஊர் சுற்றியதெல்லாம் பெரும்பாலும் செட்டு சேர்ந்துதான். தனியாகச் சுற்றிய ஏ.கே. செட்டியார் ஒருவர் உண்டே என்பார்கள். உண்டு. காந்தி பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாகப் போன அந்த மனிதரைக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு செட்டியாரைக் காட்டி ஊரில் உள்ள எல்லோரையும் வீட்டில் உட்காரச் சொல்வது நியாயம் ஆகாது.

இனிக் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வேகம். ஓர் ஊருக்கு அரை நாள், ஓர் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம். இதில் என்ன பார்க்க முடியும் என்கிறார்கள். மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து அரசுப் பேருந்துகள் நவகைலாயம் போகின்றன. பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை ஒரே நாளில் ஒன்பது கோயில். ஒவ்வொன்றிலும் அரை மணி, முக்கால் மணிதான். ஆனால் அன்று மாலை இறங்குகிறவருக்குத் தாமிரபரணி மலையடிவாரத்திலிருந்து கடலோரம் வரை எப்படிப் போகிறது, எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர், எங்கே வயல் முடிந்து தேரிக்காடு தொடங்குகிறது என்பது முழுசாகப் பிடிபட்டுவிடும். ஒரு கோயிலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு அது கிடைக்காது. வேகமாகப் பார்ப்பதற்கென்று ஓர் அறிவு உண்டு. ஆழமாகப் பார்ப்பதற்கென்று வேறோர் அறிவு உண்டு. முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது.

நேரம் குறைவு என்பதாலேயே பார்வை மழுங்கும் என்பதும் பொய். வாடிகனில் சிஸ்டைன் தேவாலயத்துக்குள் கைடு வாய் திறக்கக் கூடாது. அமைதி காக்க வேண்டும் என்பது விதி. அதனால் கைடுகள் உள்ளே போவதற்கு முன்பே வெளியில் படப் பலகையைக் காட்டி, மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை கூரையில் வரைந்தது எது, கால் நூற்றாண்டு கழித்துத் திரும்ப வந்து பலிபீடச் சுவரில் இறுதித் தீர்ப்பை வரைந்தது எது, ஆதாமின் விரல் எந்தப் பக்கம் என்று பாடம் நடத்திவிடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போகிறவர் கால் மணி நேரத்தில் தேடிப்பிடித்துப் பார்க்கிறார். கேட்காமல் தனியாகப் போகிறவர் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார்.

கேலிக்கு ஆளாகும் நிறுத்தங்களுக்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கோச் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் உள்ள கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது, மீறினால் அபராதம். "ஹைவே கடையில் முக்கால் மணி நேரம் வீணாக்கினார்கள்" என்று நாம் அலுத்துக்கொள்கிற நிறுத்தம் ஒரு தொழிலாளியின் உரிமை. நம் ஆம்னி பஸ் ஓட்டுநருக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது.

இரண்டாவது குற்றச்சாட்டு சோறு. பாரிஸ் போயும் பருப்புச் சோறா என்று சிரிக்கிறார்கள். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டின் அருகே பாபிங்டன் தேநீர்க் கடை என்று ஒன்று இன்றும் இருக்கிறது. 1893 இல் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் தொடங்கியது. ரோமுக்கு வரும் ஆங்கிலேயருக்குத் தங்கள் ஊர்த் தேநீர் இல்லாமல் முடியவில்லை. அந்தக் கடை இப்போது பாரம்பரியச் சின்னம். அதையும் போய்ப் பார்த்துப் படம் எடுக்கிறோம். ஆங்கிலேயர் ரோமில் தேடிய தேநீர் பாரம்பரியம், சங்கரன்கோவில்காரர் ரோமில் தேடும் ரசம் பட்டிக்காட்டுத்தனமா? சர்க்கரை வியாதிக்காரர் நேரத்துக்கு ஒரு வாய் தெரிந்த சோறு சாப்பிட்டால்தான் மறுநாள் கொலோசியத்தின் படிகளில் ஏற முடியும். வயிறு ஒத்துழைத்தால்தான் கண் வேலை செய்யும்.

மூன்றாவது, கைடு சொன்னதைக் கேட்டுத் தலையாட்டும் அடிமைத்தனம். தனியாகப் போகிறவர் யார் சொல்லைக் கேட்கிறார்? கையில் உள்ள போன் சொல்வதைக் கேட்கிறார். எத்தனை நட்சத்திரம், எந்த இடத்தில் நின்றால் படம் நன்றாக வரும், எந்தக் கடையில் ஐஸ்கிரீம் என்று முன்பின் தெரியாத லட்சம் பேர் போட்ட தடத்திலேயே அவரும் நடக்கிறார். அதுவும் ஒரு குரூப் டூர்தான். கூட வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. எங்கள் கைடிடம் திரும்பக் கேள்வி கேட்கலாம். இத்தாலியில் கைடாக வேலை செய்யத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். போனிடம் உரிமமும் கேட்க முடியாது, மறுப்பும் சொல்ல முடியாது.

கூட்டம் பார்வையைக் கூட்டுகிறது என்பதை நான் கழுகுமலையில் கண்டேன். எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் மலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கால வெட்டுவான் கோவில் அங்கே, பாறையை மேலிருந்து குடைந்து தனியே பிரித்தெடுத்த ஒற்றைக் கல் கோயிலாக நிற்கிறது. விமானம் முழுக்கச் சிற்பம். கீழ்ப்பகுதி முடியாமல் கரடாகக் கிடக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் ஒரு வேன் பிடித்துப் போயிருந்தோம். விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்: "மேல இம்புட்டு நுணுக்கமாச் செஞ்சவன் கீழ ஏன் அண்ணாச்சி அப்படியே போட்டுட்டுப் போயிட்டான்?" கூட வந்த வயதான கல்தச்சர் வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல இருந்துதான் தம்பி தொடங்கணும். கீழ முடிச்சிட்டு மேல கொத்துனா, செதறுத கல்லு கீழ உள்ள செலையை ஒடச்சிரும்லா. இதுல சாரமும் கெட்ட வேண்டாம், நிக்க எடம் பாறையிலயே இருக்கு." பிறகு உளி போன தடத்தை விரலால் காற்றில் வரைந்து காட்டினார். தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கத்தோடு உட்கார்ந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு சிறுமி. நான் அந்த மலைக்குத் தனியாகப் பலமுறை போயிருக்கிறேன், புத்தகமும் படித்திருக்கிறேன். அந்தக் கல்தச்சர் வாயிலிருந்து வந்ததை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு துலக்கமாகச் சொன்னதில்லை.

அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியர், மாணவர், குரத்தியார் எனப்பட்ட பெண் துறவிகள் பெயரும் உண்டு. பற்பல ஊர்க்காரர்கள் கூடி ஒரு பாறையை நிரப்பியிருக்கிறார்கள். தனி மனிதர் ஒருவரின் ரசனையில் உருவான இடம் அன்று அது. உலகத்தில் நாம் போய்ப் பார்க்கிற பெரிய கட்டடங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பல தலைமுறைக் கூட்டம் கட்டியதைப் பார்க்க ஒற்றை ஆளாகத்தான் வர வேண்டும் என்பது வேடிக்கையான விதி.

நான்காவது குற்றச்சாட்டு கனமானது. சுற்றுலாக் கூட்டம் ஐரோப்பிய நகரங்களை மூச்சுத் திணற வைக்கிறது என்பது உண்மை. இத்தாலி அரசு 2021 இல் பெரிய சொகுசுக் கப்பல்களை வெனிஸின் மையக் கால்வாய்க்குள் வரவிடாமல் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து ஒரே நேரத்தில் கொட்டும் அந்த வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2024 இல் அதே வெனிஸ் வழிகாட்டியோடு வரும் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு கட்டியது, ஒலிபெருக்கியைத் தடை செய்தது. நியாயமான விதி. ஆனால் கவனியுங்கள்: குழுவை அது தடை செய்யவில்லை, அளவைத்தான் குறைத்தது. பார்சிலோனாவில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதற்கு முக்கியக் காரணம் வீட்டு வாடகை. குடியிருப்பு வீடுகளைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட, ஊர்க்காரருக்கு வீடு கிடைக்கவில்லை. அப்படி உரிமம் பெற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் உரிமத்தை 2028 க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக நகர நிர்வாகம் 2024 இல் அறிவித்தது. அந்த வீடுகளில் தங்கி "உள்ளூர்க்காரர் மாதிரி வாழ்ந்து பார்த்தவர்" யார்? பெரும்பாலும் தனிவழிப் பயணிதான். ஊருக்கு வெளியே ஓட்டலில் தங்கி, ஒரே கோச்சில் நாற்பது பேராக வந்து, மாலையில் திரும்பிவிடும் எங்கள் செட்டு யார் வீட்டையும் பறிக்கவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. தனியாகப் போவது யாருக்குச் சாத்தியம்? சங்கரன்கோவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இல்லை, முழங்கால் வலி, ஆங்கிலம் படிக்கத் தெரியும், பேசக் கூச்சம். பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி. ஷெங்கன் விசாவுக்கு விரல்ரேகை பதிய சென்னை போன்ற பெருநகரம். 90 யூரோ கட்டணம், வங்கிக் கணக்கு நகல், வருமான வரிக் கணக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, ஒவ்வொரு இரவுக்கும் ஓட்டல் பதிவுச் சான்று, போகவர டிக்கெட் விவரம். லண்டனும் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனி விசா. திட்டமில்லாமல் போய் வழி தவறுங்கள் என்று உபதேசிக்கிறவருக்கு இது தெரியாதா? ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பாய் என்று தூதரகம் கேட்கிறபோது, திட்டமில்லாப் பயணம் என்பதே வலுவான பாஸ்போர்ட் உள்ளவனின் சலுகை. இரயில் மாறுவது, கழிப்பறைக்குச் சில்லறைக் காசு தேடுவது, மருந்து தீர்ந்தால் கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஆசிரியைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குரல் வேண்டும். செட்டு அவருக்கு அதைத் தருகிறது. 1863 இல் தாமஸ் குக் சுவிட்சர்லாந்துக்கு முதன்முதலாகக் கூட்டிப்போன செட்டில் ஜெமிமா மோரல் என்ற யார்க்ஷர் பெண் இருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு நூறு ஆண்டு கழித்து 1963 இல் புத்தகமாக வந்து இன்றும் வாசிக்கப்படுகிறது. செட்டு இல்லாதிருந்தால் அவரும் பனிமலையைப் பார்த்திருக்க மாட்டார், நமக்கும் அந்தப் புத்தகம் இல்லை.

இப்போது நம் பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன். நம் டூர்களின் பட்டியலைப் பாருங்கள். பாரிஸ், பனிச்சிகரம், படிகக்கல் கண்காட்சி, பீசா, வாடிகன், வெனிஸ். எந்த நிறுவனத்தின் துண்டறிக்கையை எடுத்தாலும் ஏறத்தாழ இதுதான். மும்பையிலோ சென்னையிலோ யாரோ எப்போதோ போட்ட பட்டியல். நாம் காசைக் கட்டிவிட்டு, எத்தனை வேளை இந்தியச் சாப்பாடு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நமக்கும் அந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்பதில்லை.

தொடர்பு கொட்டிக் கிடக்கிறது. வசந்த காலத்தில் நெதர்லாந்து போகும் செட்டுகள் எல்லாம் கூகன்ஹாஃப் துலிப் தோட்டத்துக்குப் போகின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லைடன். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் போய்ச் சேர்ந்த ஊர். லைடன் செப்பேடு என்றே நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கடல்கடந்த பௌத்த மன்னனுக்குச் சைவச் சோழன் நிலம் எழுதிக்கொடுத்த கதையும், டச்சுக்காரர் நாகையைப் பிடித்த கதையும் அந்த ஊர்த் தெருவில் நின்று பேச வேண்டியவை. நம் கோச்சுகள் துலிப் பூவைப் படம் பிடித்துவிட்டு நேரே ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பிவிடுகின்றன.

மிலானிலிருந்து வெனிஸ் போகும் சாலையிலிருந்து சற்றுத் தெற்கே விலகினால் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர். வீரமாமுனிவர் 1680 இல் பிறந்த ஊர். அவர் கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் வந்து பணியாற்றியவர். எங்கள் கரிசல் புழுதி அவர் அங்கியில் ஒட்டியிருக்கும். அவர் எழுதிய பரமார்த்த குரு கதையைப் படித்துச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? ஆனால் அந்தச் சாலையில் போகும் எந்தத் தமிழ் கோச்சும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரம் உண்டு. சீகன்பால்கு காலத்துத் தரங்கம்பாடி மிஷனின் தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே பிராங்கே அறக்கட்டளையில் இருக்கின்றன. பிரிட்டன் விசாவும் எடுத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு போகலாம். சாயர்புரத்தில் பள்ளி நடத்தி, குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் அங்கேதான் அடங்கியிருக்கிறார்.

ஒற்றை ஆளும் இந்த ஊர்களுக்கெல்லாம் போகலாம்தானே என்பீர்கள். போகலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். கோச் வாடகையும் கைடு கூலியும் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை, வண்டிக்கு இவ்வளவு என்று வருகின்றன. ஒரு நாள் பாதை விலகிப் போகும் செலவை இருபது பேர் பங்கிட்டால் ஒருவருக்குக் கூடுவது சொற்பம். ஒரு நூலகத்துக்கோ ஊர் மன்றத்துக்கோ ஒருவர் எழுதும் கடிதத்தைவிட இருபது பேர் கையெழுத்திட்ட கடிதத்துக்குக் கனம் அதிகம். தேர் இழுக்க ஊர் கூட வேண்டியிருப்பது போலத்தான் இதுவும். பாதையை நமக்கேற்றபடி மாற்றும் வலிமை கூட்டத்துக்குத்தான் உண்டு. அந்த வலிமையை நாம் இதுவரை எடுத்துப் பயன்படுத்தவில்லை.

ஆகவே குரூப் டூர் போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். வெட்கப்படாமல் செட்டு சேருங்கள். இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். தெரிந்தவர்கள், பல தொழில்காரர்கள், பல வயதுக்காரர்கள் இருக்கட்டும். ஒரு கொத்தனாரும் ஒரு தையல்காரரும் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதத்துக்கு முன்பே கூடி, நம் பட்டியலை நாமே எழுதுவோம். ஏழு நாடு வேண்டாம், மூன்று போதும். ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்குவோம். ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்வோம். அந்தப் பட்டியலை நிறுவனத்திடம் கொடுத்து, இதற்கு விலை சொல்லுங்கள் என்று கேட்போம். கடை நிறுத்தங்களை நீக்கச் சொல்வோம், அரை நாள் அவரவர் இஷ்டம்போல் நடக்க விடச் சொல்வோம், இதையெல்லாம் எழுத்தில் வாங்குவோம். புறப்படும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு வேனில் கழுகுமலைக்குப் போய்வருவோம். சேர்ந்து பார்ப்பது எப்படி என்று அங்கே பழகிக்கொள்ளலாம்.

எங்கள் பட்டியல் மோசம் என்று எங்களைத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். சேர்ந்து போகிறோம் என்பதற்காகத் திட்டாதீர்கள். அந்தத் திட்டில் நியாயம் இல்லை.